ஒரு கதவு, இரு தோள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', பேசியே கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. முடிவு இப்படியும் அப்படியும் ஆகலாம் என்ற இடத்தில் இருபது முகப் பகடை உருளும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டிக்கொள்வார்கள்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், போட்டி என்றால் இரு தரப்பும் உருட்டும்; கூட்டுத்தொகை பெரிதானவருக்கு வெற்றி. சமமானால் இருந்த நிலையே நீடிக்கும். உள்ளே ஒரு பூதம் கதவைத் தாங்கிப் பிடிக்கிறது, வெளியே ஒரு வீரன் தள்ளுகிறான். இருவரின் கூட்டுத்தொகையும் 17 ஆனால் கதவு திறக்காது.

தள்ள இன்னொருவரும் சேர்ந்தால்? இருவர் பலத்தையும் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அந்தப் பதிப்பு அப்படிக் கூட்டுவதில்லை. முன்னின்று தள்ளுபவர் மட்டும் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்கிறார். இதுதான் 'அட்வான்டேஜ்'. திறன் எண்கள் சமமாக இருந்தால், தனியாளின் வெற்றி வாய்ப்பு 47.5 சதவீதம்; துணையோடு சுமார் 64. மூன்றாமவர் தோள் கொடுத்தாலும் பகடை இரண்டுதான். பத்துப் பேர் தள்ளினாலும் அதே 64 என்பது கொஞ்சம் விநோதம்தான். ஆனால் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் துணையாளும் உருட்ட வேண்டும். 10-ஐ எட்டினால் முன்னிற்பவருக்கு 2 கூடும். ஆட்டத்தின் நடத்துநர் தடுக்காவிட்டால் அது 4, 6 என்று ஏறிக்கொண்டே போகும், கணக்கும் நீளும்.

துணை உண்மையில் துணைதானா என்பதில்தான் வாதம் கிளம்பும். தனியாகவே அந்த வேலைக்கு முயலக்கூடியவர்தான் கைகொடுக்கலாம் என்கிறது 2014-இன் விதி. பூட்டைத் திறக்கும் கருவிகளைக் கையாளப் பழகாதவர் பக்கத்தில் நின்று பயனில்லை. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய சந்தில் கதவு இருந்தால், பின்னால் நிற்பவர் முன்னவரின் முதுகைத் தள்ளுவது உதவியா? அது நடத்துநரின் தீர்ப்பு.

காவலாளியின் கண்ணில் படாமல் கூட்டமாக நழுவுவது வேறு வகை. அங்கே எல்லோரும் உருட்டுவார்கள். பாதிப் பேராவது தேறினால் கூட்டமே தப்பும். ஆளுக்குப் பாதி வாய்ப்புள்ள நால்வரில் எல்லோரும் தேற வேண்டுமென்றால் வாய்ப்பு 6.25 சதவீதம்தான், பாதிப் பேர் போதும் என்பதால் அது 68.75. மூவராகப் போனால் பாதி என்பது ஒன்றரை, ஆகவே இருவர் தேறியாக வேண்டும். வாய்ப்பு 50-க்கு இறங்கிவிடும்.