ஒரே கல்வியாண்டில் இரண்டு காய்ச்சல் விடுமுறைகள்

குழந்தைகளிடையே பரவிய காய்ச்சலை முன்னிட்டு, 2022 செப்டம்பர் 17 முதல் 25 வரையும், மீண்டும் 2023 மார்ச் 16 முதல் 26 வரையும், எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் புதுச்சேரி அரசு விடுமுறை அறிவித்தது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமப் பள்ளிகளும் மூடப்பட்ட இவ்விரு விடுமுறைகளும் ஒரே கல்வியாண்டுக்குள் வந்தவை. சென்னை, வேலூர் வட்டாரத்தில் இன்ஃப்ளூயன்சா வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் உச்சம் பெறுவதாகவே கொரோனாவுக்கு முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. இங்கோ ஓர் அலை மழைக்கு முன்பும், மற்றொன்று வெயில் ஏறும் பங்குனியிலும் எழுந்தது.

முகக்கவசமும் பள்ளி மூடலும் பயணத் தடையும் சேர்ந்து 2020, 2021ஆம் ஆண்டுகளில் இன்ஃப்ளூயன்சாவை உலகெங்கும் ஏறக்குறைய முடக்கிவிட்டன. வழக்கமான காலத்தில் ஆண்டுதோறும் ஒரு பகுதிக் குழந்தைகள் இக்கிருமியை முதன்முறையாகச் சந்தித்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுவார்கள்; அந்தச் சந்திப்பு தள்ளிப்போனதால், பள்ளிகளும் அங்கன்வாடிகளும் திறந்தபோது பல வயதினர் ஒருசேர முதல் தொற்றுக்கு ஆளாயினர். ஊரடங்கு குழந்தைகளின் உடலையே பலவீனமாக்கிவிட்டது என்ற பேச்சுக்கு இதில் ஆதாரமில்லை. கூடியது கிருமியை அறியாத குழந்தைகளின் எண்ணிக்கையே.

மேலும், 2022 தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தியாவில் மேலோங்கியிருந்தது 2009 பெருந்தொற்றிலிருந்து நிலைத்துவிட்ட எச்1என்1 வகை. அவ்வாண்டின் இறுதியிலிருந்து எச்3என்2 வகை அந்த இடத்தைப் பிடித்தது. ஒன்றுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பணுக்கள், அதாவது கிருமியைத் தடுக்கும் புரதங்கள், மற்றதை அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதால், ‘இப்போதுதானே வந்து போனது’ என்று பெற்றோர் வியக்கும்படி ஒரே குழந்தை இரண்டாலும் படுக்க நேரலாம். (கிராமத்தில் ‘விஷக் காய்ச்சல்’ எனப்படுவதெல்லாம் இன்ஃப்ளூயன்சா அல்ல, டெங்குவும் அதில் ஒளிந்திருக்கக்கூடும்.) இதற்கிடையே, இன்ஃப்ளூயன்சா பி வகையின் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிசெய்யப்படாததால், அதைத் தடுப்பூசியிலிருந்து விலக்கலாம் என உலக சுகாதார அமைப்பு 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் இத்தடுப்பூசி போட இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தாலும், தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லாததால் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. முதன்முறை போடும் சிறு குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை. பாதுகாப்பு உருவாக மேலும் இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் பலன் கிடைக்க ஆடியிலேயே தொடங்குவது பொருத்தம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஊசி போட இயலாது. கர்ப்பகாலத்தில் தாய் போட்டுக்கொண்டால், அவளது எதிர்ப்பணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சேர்கின்றன.