சுருக்க நிறுவலா, சுருக்க வாதமா? மறையீட்டியல் கலைச்சொல் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

நீண்ட கணக்கீடு ஒன்று சரியாக நடந்தது என்பதை, அதனை மீண்டும் செய்யாமல் மிகச் சிறிய சான்றொன்றினால் உறுதிசெய்யும் முறைகள் மறையீட்டியலில் உருவாகியுள்ளன. இவை அனைத்தையும் தமிழில் 'நிறுவல்' என வழங்குவது பொருள் மயக்கத்துக்கு இடந்தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மாதிரிச் சோதனையின் எல்லை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கண்மாய் ஒன்றின் ஆயக்கட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். 1,000 வரிகளுள் ஒன்று மட்டும் பொய்யெனில், 10 வரிகளைப் பார்ப்பவர் அதனைக் கண்டறியும் வாய்ப்பு 100இல் 1 மட்டுமே. அவ்வொரு வரியே ஓர் உழவரின் நீருரிமையைப் பறிக்கப் போதுமானது. சான்றினைத் தக்க குறிமுறையில் விரித்தெழுதினால், ஓரிடத்துப் பொய் ஏடெங்கும் முரணாக வெளிப்படும். பாதி இடங்களில் முரண் தோன்றுமாயின், தற்போக்கில் செய்யும் 10 சோதனைகளிலும் அது தப்பும் வாய்ப்பு 1,024இல் 1 ஆகும். சென்னையில் பிறந்த மது சூதன் உள்ளிட்ட ஐவர் 1992இல் வெளியிட்ட தேற்றத்தின் உட்கருத்து இத்தகையது.

பாதுகாப்பின் அடிப்படை

விரித்தெழுதிய சான்று நீளமானது. அதனை முழுமையாக அனுப்பாது, ஹேஷ் சார்பினால் முத்திரையிட்டு, கேட்கப்படும் இடங்களை மட்டும் திறந்துகாட்டும் முறையைக் கிலியன் 1992இல் வகுத்தார். ஒரே முத்திரைக்கு இருவேறு ஏடுகளைப் பொருத்துதல் நடைமுறையில் இயலாது என்பது இதன் எடுகோள். வரம்பற்ற கணிப்புத்திறன் உடையவருக்கு அது இயலும். எனவே இது நிறுவல் அன்று, வாதம்.

மிக்காலி 1994இல் வினவுவோரையும் நீக்கினார். வினாக்களை ஹேஷ் சார்பே தருகிறது. அச்சார்பை முற்றிலும் தற்போக்காக விடையளிக்கும் 'தற்போக்கு ஆரக்கிள்' எனக் கருதும் மாதிரியிலேயே இதன் பாதுகாப்பு மெய்ப்பிக்கப்பட்டது. இம்மாதிரியில் பாதுகாப்பானதாக இருந்தும், எந்த மெய்யான ஹேஷ் சார்பைக் கொண்டு அமைத்தாலும் உடையும் திட்டங்கள் உண்டு எனக் கனெட்டி, கோல்ட்ரைக், ஹலேவி 1998இல் காட்டினர். அவை இதற்கெனவே புனையப்பட்டவை என்பது பலரின் ஆறுதலாக இருந்தது. 2025இல் கோவ்ரட்டோவிச், ராத்பிளம், சௌகானோவ் ஆகியோர், நடைமுறை சார்ந்த நெறிமுறை ஒன்றிலேயே பொய்க் கூற்றுக்குச் சான்று அமைத்துக் காட்டினர். அதற்குரிய கணக்கீடு திட்டமிட்டு அமைக்கப்பட்டது எனினும், அவ்வாறுதல் தளர்ந்தது.

முடிவுரை

வரம்பற்ற கணிப்புத்திறனுக்கும் அசையாதது நிறுவல். எடுகோளைச் சார்ந்து நிற்பது வாதம். ஆகவே இவ்வகைச் சான்றுகளைச் 'சுருக்க வாதம்' எனச் சுட்டுவதே பொருத்தமாகும். எம்மாதிரியில் மெய்ப்பிக்கப்பட்டது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.