கருவுற்றதை உரிய காலத்தில் அறிதல்

1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மும்பையில் செம்பூரை அடுத்த தேவ்னாரில் அமைந்துள்ளது. 1992-93 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குடும்பநல ஆய்வுகளை ஒருங்கிணைப்பது இந்நிறுவனமே. 2019-21ஆம் ஆண்டுகளின் ஆய்வு தந்த விவரங்களுள் இரண்டை அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். பிரசவங்களில் 88.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால், கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனை பெற்ற தாய்மார் 70.0 சதவீதத்தினரே. 2015-16இல் இது 58.6 சதவீதமாக இருந்தது. முன்னேற்றம் உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும், மகப்பேற்றுக்கு மருத்துவமனையை நாடும் குடும்பங்களுள் பல, தொடக்க மாதங்களில் அதனை நாடுவதில்லை என்பது இதனால் புலனாகின்றது.

முதல் வாரங்களின் சிறப்பு

கரு உருவான 28 நாட்களுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடிப்படையான நரம்புக் குழல் மூடிக்கொள்கிறது. இறுதி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் இஃது ஏறத்தாழ ஆறாவது வாரம். மசக்கை தொடங்குவதும் பெரும்பாலும் அவ்வாரத்தில்தான். எனவே, வாந்தியும் குமட்டலும் தோன்றிய பின்னரே கருவுற்றதாகக் கொள்ளும் வழக்கத்தினால் மிக முக்கியமான நாட்கள் கடந்துவிடுகின்றன. நரம்புக் குழல் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கவல்ல ஃபோலிக் அமிலத்தை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் அளவில், கருவுறுதற்கு முன்பிருந்தே உட்கொள்ளுதல் நலம் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

இரத்தசோகையைக் கண்டறிதல், இரத்தப் பிரிவை அறிதல், சர்க்கரை, மேகநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான சோதனைகள் முதலியனவும் 12 வாரங்களுக்குள் தொடங்கப்பட வேண்டும். மேற்கூறிய ஆய்வின்படி கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். இக்குறையைச் சில வாரங்களில் போக்கிவிட இயலாது. நான்காம் மாதம் முதல் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தரப்படுவதன் நோக்கம், பிரசவத்திற்கு முன்னரே உடலில் போதிய இரத்தம் ஊறச் செய்வதாகும். எட்டாம் மாதத்தில் பதிவு செய்யும் தாய்க்கு இந்நாட்கள் கிட்டுவதில்லை.

அறிகுறிகள்

"முழுகாமல் இருக்கிறாள்" என்னும் வழக்கு தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக உள்ளது. மாதவிடாய் தவறுதலே முதல் அறிகுறி என்பதை மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்று. மார்பகம் கனத்து நோதல், காலையில் குமட்டல், சில உணவுகளின் மணத்தில் வெறுப்பு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணம் புலப்படாத அயர்வு ஆகியவை இதனைத் தொடர்ந்து வருவன. எல்லா அறிகுறிகளும் எல்லாரிடமும் தோன்றுவதில்லை.

இவ்வறிகுறிகள் ஏமாற்றுவதும் உண்டு. மாதவிடாய் ஒழுங்கற்று வரும் பெண்கள் நாள் தள்ளிப் போனதைப் பொருட்படுத்துவதில்லை. பாலூட்டும் தாய்மார், மாதவிடாய் மீண்டும் தொடங்குவதற்கு முன்னரே கருவுறக்கூடும். இரத்தசோகை உடையவர் அயர்வை வழக்கமானதாகவே கருதுகின்றனர். கருப்பையில் கரு பதியும்போது சிலரிடம் தோன்றும் சிறு இரத்தக் கசிவு மாதவிடாயெனத் தவறாக எண்ணப்படுகிறது. ஆகவே, அறிகுறிகள் ஐயத்தை எழுப்புவன. உறுதி செய்வது சோதனையே.

எளிய சோதனை

கரு பதிந்தபின் உடலில் சுரக்கும் ஒரு தனி ஹார்மோன் சிறுநீரிலும் வெளிப்படுகிறது. 1920களின் இறுதியில் இதனை அறியப் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திச் சில நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு சோதனைப் பட்டையில் சில துளிகள் இட்டால் ஐந்து நிமிடங்களில் விடை கிடைக்கிறது. மாதவிடாய் தவறிய நாளிலிருந்து, காலையின் முதற் சிறுநீரைக் கொண்டு இச்சோதனையைச் செய்யலாம். இரண்டு கோடுகள் தோன்றினால் கருவுற்றதாகும். ஒரு கோடு மட்டும் தோன்றி, மாதவிடாயும் வராதிருப்பின், ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும்.

கருக்குழாயில் கரு தங்கினாலும் இரண்டு கோடுகளே தோன்றும் என்பதை மறத்தலாகாது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம் ஆகியவை காணப்பட்டால் உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். நாள் தள்ளிப் போனதும் மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி உட்கொள்ளுதல் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

செம்பூர்ப் பகுதியின் நிலை

செம்பூரும் அதனை அடுத்த கோவண்டி, மான்கூர்ட் பகுதிகளும் மாநகராட்சியின் எம் மேற்கு, எம் கிழக்கு வார்டுகளில் அடங்குவன. இங்குத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. மாநகராட்சியின் சுகாதார நிலையங்களும், கோவண்டியிலுள்ள சதாப்தி மருத்துவமனையும் அருகிலேயே உள்ளன. எனவே, இங்குத் தாமதத்திற்குத் தொலைவு மட்டுமே காரணமாகாது.

மூன்று மாதம் நிறையும்வரை செய்தியை வெளியிடலாகாது என்னும் நம்பிக்கை ஒரு காரணம். நெருக்கமான குடியிருப்புகளில் தனிமை அரிதாதலால், வீடு தேடி வரும் சுகாதாரத் தொண்டரிடமும் பெண்கள் வாய் திறக்கத் தயங்குகின்றனர். முதற் பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் மற்றொரு காரணம். ஊருக்குச் சென்றபின் பதிவு செய்துகொள்ளலாம் என்னும் எண்ணத்தில் தொடக்க மாதங்கள் கழிந்துவிடுகின்றன. மும்பையிலேயே பதிவு செய்து, தாய்-சேய் பாதுகாப்பு அட்டையை உடன் எடுத்துச் சென்றால், இங்குக் கண்ட முடிவுகள் அங்குள்ள மருத்துவருக்கும் பயன்படும். பல் துலக்க மிஸ்ரி என்னும் கருக்கிய புகையிலைப் பொடியைப் பயன்படுத்தும் பழக்கம் மராட்டிய மாநிலத்தில் உண்டு. புகையிலை குழந்தையின் எடையைக் குறைக்கும். கருவுற்றதை முன்னதாக அறிந்தால் இப்பழக்கத்தை உடனே கைவிடலாம்.

உதவித்தொகையும் காலமும்

பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. 2022இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய் இரு தவணைகளில் வழங்கப்படுகிறது. இறுதி மாதவிடாயிலிருந்து ஆறு மாதங்களுக்குள் பதிவு செய்து, ஒரு பரிசோதனையேனும் பெற்றவருக்கு 3,000 ரூபாய் முதல் தவணையாகும். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம், 12 வாரங்களுக்குள் பதிவு செய்வதையே முதல் தவணைக்கு நிபந்தனையாக்கியது. ஆறு மாதக் கெடு, தவறியவர்களுக்கும் உதவி கிடைக்க வழி செய்கிறது. ஆயினும் அதுவே உரிய காலம் என்ற எண்ணம் பரவிவிடலாகாது. உதவிக்குரிய கெடுவும் உடல்நலத்திற்குரிய கெடுவும் வேறு வேறு என்பதைக் களப்பணியாளர்கள் விளக்குதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

புதுமணத் தம்பதியரின் இல்லங்களை முதலில் அணுகி ஃபோலிக் அமிலத்தின் பயனை எடுத்துரைத்தல், சோதனைப் பட்டை பிறர் அறியாமல் கிடைக்கச் செய்தல், மாதவிடாய்த் தேதியை நாட்காட்டியில் குறிக்கப் பழக்குதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்காதவை. தேதி நினைவில்லாத பெண்ணிடம் பொங்கல், விநாயக சதுர்த்தி போன்ற பண்டிகைகளைச் சுட்டிக் கேட்டால் நாளை ஓரளவு கணித்துவிடலாம். அந்நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவ நாள் தோராயமாகக் கிடைக்கும். ஜனவரி 10 எனில் அக்டோபர் 17. பெண் கூறும் செய்தி வெளியே செல்லாது என்னும் நம்பிக்கை இவை அனைத்திற்கும் அடிப்படை. அந்நம்பிக்கை வளர்ந்தால்தான், வீட்டுப் பெண்கள் மட்டும் அறிந்த செய்தி உரிய வாரத்தில் சுகாதார நிலையத்தின் பதிவேட்டை எட்டும்.