ஆற்றங்கரையிலிருந்து அரூப ஓவியத்துக்கு

ஓவியக் கண்காட்சிக்குச் சென்று வருவோரில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதில் என்ன வரைந்திருக்கிறது?" மனிதரோ மரமோ தென்படாமல் வண்ணங்கள் மட்டுமே நிறைந்திருக்கும் அரூப ஓவியத்தின் முன் இக்கேள்வி எழுவது இயல்பே. பாலக்காடு மண்ணில் பிறந்த ஓவியர் அச்சுதன் கூடல்லூரின் வாழ்வையும் படைப்பையும் அறிந்தால், விடை ஓரளவு புலப்படும்.

நீரும் வானும்

அச்சுதன் 1945ஆம் ஆண்டில் பாலக்காடு மாவட்டம் கூடல்லூரில் பிறந்தார். எழுத்தாளர் எம்.டி.வாசுதேவன் நாயரின் ஊரும் இதுவே. நிளை என்று அன்புடன் அழைக்கப்படும் பாரதப்புழையுடன் தூதப்புழை கலப்பது இவ்வூரின் அருகில்தான்.

ஆனைமலைத் தொடரில் தோன்றும் பாரதப்புழை, 209 கிலோமீட்டர் ஓடிப் பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. மழைக்காலத்தில் கரை தொட்டு ஓடும் நீர். கோடையில் கண்ணுக்கெட்டும் தூரம் வெண்மணல். இரண்டின் மீதும் கவிந்த அகன்ற வானம். ஒரு பிள்ளையின் கண்ணுக்கு இவற்றைவிடப் பெரிய வண்ணப்பலகை வேண்டுமா?

மாலை நேரப் பயிற்சி

ஆயினும் அவர் முதலில் பயின்றது சிவில் பொறியியல். பணி நிமித்தம் சென்னைக்கு வந்தபின், அரசு கவின்கலைக் கல்லூரி வளாகத்தில் இயங்கிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை வேளைகளில் ஓவியம் பழகினார். தொடக்கத்தில் மனித உருவங்களை வரைந்தவர், படிப்படியாக உருவங்களைக் கைவிட்டு வண்ணத்தையே மொழியாகக் கொண்டார். 1982இல் தமிழ்நாடு லலித் கலா அகாதெமி விருதும், 1988இல் தேசிய விருதும் அவரை வந்தடைந்தன. 2022 ஜூலை 18 அன்று சென்னையில் அவர் மறைந்தார்.

கல்லூரியில் முழுநேரம் பயிலாதவர், அலுவலகம் முடிந்த மாலைகளைச் சிறுகச் சிறுகச் சேமித்து இவ்வுயரத்தை எட்டினார் என்பது நம் கவனத்துக்குரியது. தொடர் வைப்புக் கணக்கின் அருமையை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

எப்படிப் பார்ப்பது?

கடலுக்கும் வானுக்கும் திட்டமான விளிம்பு இல்லை. அவற்றை வரைய முற்படுபவர் கோட்டை விட்டு வண்ணத்தை நாட நேர்கிறது. ஆங்கிலேய ஓவியர் டர்னர் தம் பிற்காலக் கடற்காட்சிகளில் கப்பலையும் கரையையும் ஒளியில் கரைத்தது இவ்வாறுதான். அச்சுதனின் கித்தான்களில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அவற்றில் ஆற்றின் உருவத்தைத் தேட வேண்டியதில்லை.

முதலில் சற்றுத் தொலைவில் நின்று முழுப்பரப்பையும் காண்போம். பிறகு அருகில் சென்று, ஒரு வண்ணத்தின் அடியிலிருந்து மற்றொன்று எட்டிப்பார்க்கும் இடங்களைக் கவனிப்போம். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடமேனும் ஒதுக்குவோம். அந்திவானத்தைப் பார்த்து, "இதன் பொருள் என்ன?" என்று நாம் கேட்பதில்லை, மனம் தானாக நெகிழ்கிறது. அரூப ஓவியம் நம்மிடம் வேண்டுவதும் அதே பொறுமையைத்தான்.

எஞ்சியிருப்பது

அணைகளாலும் மணல் அள்ளுதலாலும் பாரதப்புழை இன்று பெரிதும் மெலிந்துவிட்டது. அச்சுதனின் இளமைக்கால ஆற்றை நம் பிள்ளைகள் காண்பது அரிது. வண்ணங்களை ஓவியர் கித்தானில் விட்டுச் சென்றிருக்கிறார். நீரைக் காக்கும் பொறுப்போ கரையில் வாழும் நம்முடையது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை ஓர் ஓவியக்கூடத்துக்கும், அதன்பின் ஓர் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்வோம். இரண்டிலும் அவர்கள் கண்ட வண்ணங்களைச் சொல்லக் கேட்போம்.