வதந்தியும் தொற்றும்

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, அதனுடன் பொய்ச் செய்திகளும் பரவின. உலகச் சுகாதார நிறுவனம் அந்நிலையைத் ‘தகவல் பெருந்தொற்று’ என்னும் பொருள்படக் குறிப்பிட்டது.

கோழி இறைச்சி உண்டால் கொரோனா வரும் என்னும் வதந்தியால் இந்தியாவில் கோழி விற்பனை வீழ்ந்தது. பண்ணையாளர்கள் பெரும் இழப்புக்கு ஆளாயினர். பூண்டு உண்டால் கொரோனா வராது என்றும் சிலர் நம்பினர். பூண்டு உடலுக்கு நல்ல உணவுதான். ஆனால், அது கொரோனாவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சிறிதளவு உண்மை கலந்திருக்கும் பொய் எளிதில் நம்பப்படுகிறது.

இத்தகைய செய்திகள் பலவும் உறவினர் வழியாகவே வருகின்றன. அனுப்பியவர் அன்புடையவர் என்பதால் செய்தி உண்மையாகிவிடாது. முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார், சான்று என்ன என்னும் மூன்று வினாக்களை மாணவர் எழுப்ப வேண்டும். பின்னர், அரசின் சுகாதாரத் துறை அறிவிப்புடன் ஒப்பிட வேண்டும். ஐயம் தீரும்வரை எவருக்கும் பகிரக் கூடாது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் மாணவர், இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவரும் அறிவிப்புகளைப் படிக்க வல்லவர். ஊரிலுள்ள தாத்தா, பாட்டியின் தவறைச் சுட்டிக் கடிவதைவிட, உண்மையைப் பணிவுடன் தமிழில் எடுத்துரைப்பதே அவர்களைக் காக்கும்.

சிந்தித்து எழுதுக: பூண்டு பற்றிய செய்தியில் உண்மை எது? பொய் எது?