முகப்பரு: வெட்கமும் வேண்டாம், கண்ட களிம்பும் வேண்டாம்

 

12, 13 வயதில் பிள்ளைகளுக்கு முகத்தில் பரு வரத் தொடங்கினால், "வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்" என்று விட்டுவிடுகிறோம். அதே பெண்ணுக்கு நிக்காஹ் பேசும் நேரம் வந்ததும் பதறிப்போய், மருந்துக் கடையில் யாரோ சொன்ன களிம்பை வாங்கித் தடவுகிறோம். முதலில் அலட்சியம், பிறகு அவசரம். முகம் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான்.

பரு ஏன் வருகிறது?

தோலில் ரோமக்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஹார்மோன்கள் கூடும்போது இவை அதிகமாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் தோலின் இறந்த செல்களும் சேர்ந்து துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன. தோலில் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியா அடைப்புக்குள் பெருகி, வீக்கமும் சீழும் உண்டாகின்றன. எனவே பரு அழுக்கால் வருவதல்ல. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. பருவுள்ள பிள்ளையைப் பார்த்து "முகம் கழுவுவதில்லையா?" என்று கேட்பது அநியாயம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சோப்போ ஃபேஸ்வாஷோ போட்டுக் கழுவுவது நாளைக்கு 2 முறை போதும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். உளூவுக்காக வெறும் தண்ணீரில் கழுவுவதால் தீங்கில்லை. தலையில் வழிய எண்ணெய் வைத்தால் நெற்றியில் பரு கூடும். ஹிஜாபின் ஓரம் வியர்வையோடு உரசும் இடத்திலும், தாடையிலும், நெற்றியிலும் பரு வரலாம். மெல்லிய பருத்தித் துணி நல்லது, தினமும் துவைத்ததையே அணியுங்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா தடவுவது தோலைப் புண்ணாக்கும். பருவைக் கிள்ளினால் தழும்பும் குழியும் நிற்கும்.

உணவைப் பொறுத்தவரை, இனிப்பும் குளிர்பானமும் சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன. ஜிம்முக்குப் போகும் வாலிபர்கள் குடிக்கும் வே புரோட்டீன் பவுடரும் சிலருக்கு அப்படியே. ஆனால் உணவை மட்டும் மாற்றிப் பருவைப் போக்கிவிட முடியாது.

மருந்து என்றால் எது?

லேசான பருவுக்கு மருத்துவர்கள் முதலில் தருவது பென்சாயில் பெராக்சைடு, அடாப்பலின் போன்ற பூச்சு மருந்துகள். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே பலருக்குப் போதும். அதிக வீரியத்தில் எரிச்சல்தான் கூடும். துணியில் பட்டால் சாயம் வெளுக்கும். அடாப்பலினை இரவில், பட்டாணி அளவு எடுத்து, பருவின் மேல் மட்டுமல்லாமல் பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். ஆரம்பத்தில் தோல் காய்ந்து உரியலாம். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பலரும் பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுவதுதான் பிரச்சினை. கர்ப்பிணிகள் அடாப்பலின் பூசக் கூடாது.

சீழ்க்கட்டிகள் அதிகமானால் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையைச் சில மாதங்களுக்கு மட்டும், பூச்சு மருந்தோடு சேர்த்துத் தருவார்கள். அதை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்; இல்லையேல் உணவுக்குழாயில் புண் வரலாம். ரமலானில் ஸஹருடைய கடைசி நேரத்தில் ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டுத் தூங்குபவர்கள் கவனிக்கவும். நோன்பு மாதத்தில் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடுமையான, தழும்பு விடும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற வலுவான மாத்திரை உண்டு. இதை உட்கொள்ளும்போது கரு உருவானால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் ஏற்படலாம். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கல்யாணம் நிச்சயமான பெண்ணும், புதிதாக மணமானவளும் இதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை அக்காள் தங்கை பகிர்ந்துகொள்ளவே கூடாது.

25 வயதுக்கு மேலும் தாடையோரம் பரு வந்து, மாதவிலக்கு தவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால், அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையின் அறிகுறியாக இருக்கலாம். பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு களிம்பு: எச்சரிக்கை

நாம் அதிகம் அஞ்ச வேண்டியது இதைத்தான். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் டியூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய சில நாளில் பரு அடங்கும், முகம் வெளுக்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பாகத் தெரியும், முடி வளரும், வெயிலில் எரியும். நிறுத்தினாலோ பரு முன்னிலும் மோசமாகத் திரும்பும். பயந்துபோய் மீண்டும் தடவுவார்கள். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அறிவித்தது. இருந்தும் வாங்குகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் பெயர் தெரியாத வெளுப்புக் க்ரீம்களிலும் எச்சரிக்கையாக இருங்கள். பல மாதமாகத் தடவி வருபவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் டியூபைக் காட்டி வழி கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

வலிக்கும் கட்டிகள், குழித் தழும்பு, 3 மாதம் மருந்து போட்டும் குறையாத பரு இருந்தால் தாமதிக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. பரு மறைந்த இடத்துக் கரும்புள்ளிகள் தழும்பல்ல. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் மங்கும்.

இன்னொன்று. பருவால் பிள்ளை வெளியே வர மறுத்தால், பள்ளிக்குப் போக அழுதால், அதை அழகு ஆசை என்று ஏளனம் செய்யாதீர்கள். பெண் பார்க்கப் போகும் இடத்தில் பருவைச் சொல்லிக் காட்டும் வழக்கத்தையும் நாமே நிறுத்த வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல பெண்பிள்ளைகள் கெட்ட களிம்பைத் தேடுகிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.

— செயலாளர்