'தரகு' என்னும் சொல்: தொகையும் தொழிலும்

வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடைநின்று பேரம் முடித்துத் தருபவர் பெறும் தொகையைத் தமிழ் 'தரகு' என வழங்குகிறது. ஆங்கிலத்தில் 'புரோக்கர்' என்னும் ஆட்பெயரினின்று 'புரோக்கரேஜ்' என்னும் தொகைப்பெயர் பிறந்தது. தமிழில் நிலைமை வேறு. தரகு என்பதே அடிச்சொல். தரகர், தரகுகாரர் ஆகிய ஆட்பெயர்கள் அதினின்றும் ஆக்கப்பட்டவை. எனினும் தரகு தொகையை மட்டுமே சுட்டி நிற்பதன்று.

முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடுகளில், வரியினங்களின் அடுக்கில் தறிப்புடவைக்கும் தட்டாரப்பாட்டத்திற்கும் இடையே தரகு இடம்பெறுகிறது. ஈண்டு அஃது இடைநின்றவர் பெறும் கூலியன்று. அத்தொழிலின்மீது அமைந்த இறை. தொழிற்பெயரே வரிப்பெயராதல் கல்வெட்டு வழக்கில் இயல்பு. மலையாளத்திலோ 'தரகன்' சில வணிகக் குடும்பங்களின் பட்டப்பெயராயிற்று.

இன்றைய வழக்கில் இரு பொருள்கள் நிற்கின்றன. தரகு கொடுத்தல், வாங்குதல், பிடித்தல் என்பவற்றில் தொகை. தரகு பேசுதல், தரகு செய்தல் என்பவற்றில் தொழில். உடன்வரும் வினையே பொருளை வரையறுத்து விடுவதால் பேச்சில் மயக்கம் எழுவதில்லை. 'இல்லை' என்னும் எதிர்மறை வரும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

பெங்களூரில் தோன்றிய இரு நிறுவனங்கள் இதற்குத் தக்க சான்று. 2014இல் தொடங்கிய நோபுரோக்கர், வீட்டு உரிமையாளரையும் குடியேற விரும்புவோரையும் நேரே இணைப்பதாகத் தன் பெயராலேயே அறிவித்தது. 2010இல் தொடங்கிய ஜெரோதா, பங்குகளை வாங்கித் தம் கணக்கில் வைத்துக்கொள்வோரிடம் தரகு பெறுவதை 2015 டிசம்பரில் நிறுத்தியது. முன்னதில் இடையாள் இல்லை. பின்னதில் இடையாள் உண்டு, கூலி இல்லை. தமிழில் இரண்டையும் 'தரகு இல்லை' என்றே எழுதிவிடலாம். இலக்கணப் பிழையும் இராது. ஆயின் பங்கு வணிகத்தில் அது 'தரகரின்றி முதலீடு' எனத் திரியுமானால் படிப்பவர்க்கு இழப்பு நேரும். அவரது ஆணையைச் சந்தைக்குக் கொண்டு செல்பவர் தரகரே. குறை நேர்ந்தால் முதலில் முறையிட வேண்டியதும் அவரிடமே. பரிவர்த்தனை வரியும் முத்திரைத் தீர்வையும் நீங்கிவிடுவதில்லை. பொறுப்பாளரை மறைக்கும் மொழிபெயர்ப்பை வெறும் நடைக்குறை என்று ஒதுக்க இயலாது.

ஆகவே தொகை இன்மையைத் 'தரகுக் கட்டணம் இல்லை' என்றும், ஆள் இன்மையை 'இடைத்தரகர் இல்லை' என்றும் பிரித்தெழுதுதல் தகும். தரகே கட்டணமாயின் 'தரகுக் கட்டணம்' கூறியது கூறல் அன்றோ எனச் சொற்றூய்மை நாடுவோர் வினவுவர். தரகைத் தொழிலாகக் கொண்டால் அக்குற்றம் இல்லை. 'டிஸ்கவுண்ட் புரோக்கர்' என்பதற்குத் 'தள்ளுபடித் தரகர்' என்பதினும் 'குறைதரகு நிறுவனம்' என்பது பொருந்தும். குறைவது தொகையே என அது தெளிவாக்குகிறது.

கன்னடத்திலிருந்து பெயர்ப்போர்க்கு மற்றோர் இடர் உண்டு. அரபு மூலமுடைய சொல் இந்தியில் 'தலால்' என ஆளையும் 'தலாலி' என அவர் தொழிலையும் கூலியையும் குறிக்க, கன்னடத்துத் 'தல்லாளி' ஆளுக்கும் தொகைக்கும் பொதுவாய் வழங்குகிறது. கர்நாடக ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் முகவர் கூலியைத் தரவேண்டியவர் வாங்குபவர். விற்கும் உழவரிடம் பிடித்தல் விதிக்குப் புறம்பு. ஒசூர்ப் பகுதி உழவர் கையில் வரும் சீட்டில் 'தல்லாளி' என ஒரு தொகை கழிக்கப்பட்டிருப்பின், அதனைத் 'தரகர்' எனப் பெயர்த்தால் பிடித்தம் புலப்படாது. 'தரகு' என மட்டும் பெயர்த்தால் எவர் தந்தது என்பது புலப்படாது. 'உழவரிடம் பிடித்த தரகு' என விரித்தலே முறை.

அரசியல் எழுத்துகளில் வழங்கும் 'தரகு முதலாளி' என்னும் தொடரில் மட்டும் தொகைப்பொருள் அறவே இல்லை. அயல் மூலதனத்திற்கு இடைநிற்றலாகிய தொழிற்பொருளே உண்டு. அங்குக் 'கட்டணம்' சேர்க்க எவரும் முற்படார்.